இறக்கைக்குள்ளிருந்து ஒரு பதில்

அந்த விமானத்தில் எண்ணெய் காணாமல் போய்க்கொண்டிருந்தது. சிந்தவில்லை, சொட்டவில்லை, சக்கரக் கூட்டில் ஈரம்கூட இல்லை. ஆனால் பறந்துவிட்டு வரும்போதெல்லாம் ஹைட்ராலிக் எண்ணெய் கொஞ்சம் குறைந்திருக்கும். ஊற்றி நிரப்புவார்கள், போய்விட்டு வரும், மறுபடி குறைந்திருக்கும். பழுது பார்க்கிற கொட்டகையில் எல்லா ஷிஃப்ட் ஆட்களும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். அந்த எண்ணெய் ஊதா நிறம். கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலை செய்த மாதிரிதான். அப்பேர்ப்பட்ட எண்ணெய் எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? ஆனாலும் ஒளிந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியில் ஃபோர்மேன் இடது இறக்கையை அண்ணாந்து பார்த்து, கூலர்தான் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கூலர் என்றால் தொட்டியைத் திறக்க வேண்டும். தொட்டியைத் திறந்தால் ஆள் உள்ளே போக வேண்டும்.

சக்கரத்தை இழுத்து மடக்குவதும் இறக்கையின் மடிப்புகளை அசைப்பதும் இந்த ஊதா எண்ணெய்தான். பம்பு அதைப் போட்டு அழுத்துகிற அழுத்தில் அது சூடாகிவிடும். அந்தச் சூட்டை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். அதற்கு இறக்கைக்குள்ளேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இறக்கைதான் விமானத்துக்கு எரிபொருள் தொட்டி. மேலே வானத்துக் குளிரில் எரிபொருள் சில்லிட்டுக் கிடக்கும். அதன் அடியில் செதில் செதிலாகத் தகடு வைத்த ஒரு குழாயை, அதுதான் கூலர், படுக்கப் போட்டு, சூடான எண்ணெயை அதன் வழியே சுற்றிவிடுகிறார்கள். எண்ணெய் தன் சூட்டை எரிபொருளிடம் கொடுத்துவிட்டு ஆறிப்போய்த் திரும்புகிறது. எரிபொருளுக்கும் கொஞ்சம் கதகதப்பு கிடைக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை, குழாய் முங்குகிற அளவுக்காவது தொட்டியில் எரிபொருள் இருக்க வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது யாராவது அவசரக்குடுக்கை தரையில் வைத்துப் பம்பைப் போட்டுவிட்டால், சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் எண்ணெய் கிடந்து வேகும். பம்பைத் தொடுமுன் எரிபொருள் முள்ளைப் பார் என்பது அந்தக் கொட்டகையில் தரை கூட்டுகிறவருக்கும் தெரிந்த பாடம்.

அந்தக் குழாயில்தான் இப்போது மயிரிழை விரிசல். ஊதா எண்ணெய் உள்ளுக்குள்ளேயே எரிபொருளில் கலந்து, அதோடு எஞ்சினுக்குப் போய் எரிந்து புகையாகிக்கொண்டிருந்தது. வெளியில் ஒரு சொட்டும் தெரியாத இழப்பு.

தொட்டியை வடித்தார்கள். இறக்கையின் அடியில் முட்டை வடிவ மூடியைக் கழற்றினார்கள். பெரிய விசிறியை வைத்து ஒரு நாள் முழுக்கக் காற்றை உள்ளே அடித்து ஆவியை விரட்டினார்கள். பிறகு ஒல்லியண்ணன் வந்தார்.

ஒல்லியண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வயிறு என்ற ஒன்றை ஆண்டவன் அவருக்கு வைக்க மறந்துவிட்டான் என்று கேலி பேசுவார்கள். அந்த ஓட்டைக்குள் தோளைச் சாய்த்து நுழைய அங்கே வேறு யாராலும் அவ்வளவு லேசில் முடியாது. முகமூடியை மாட்டிக்கொண்டு, பருத்தி உடுப்போடு, இடைத்தட்டுகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து போய்விடுவார். வெளியில் நிற்கிறவருக்கு முதலில் செருப்பில்லாத இரண்டு பாதங்கள் தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது.

வெளியில் நிற்கிறவள்தான் நம்ம காவல்காரி. அவள் உத்தியோகத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் எல்லாரும் காவல்காரி என்றே கூப்பிட்டார்கள். ஆள் உள்ளே இருக்கும்வரை ஓட்டையைவிட்டு நகரக் கூடாது. காற்றை அளக்கிற கருவியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வர வேண்டும். வராவிட்டால் கையில் கொடுத்திருக்கிற அபாயச் சங்கை ஊதி எல்லாரையும் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்று ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் வயிறெரிந்தார்கள். உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்பாள். விசிறியின் இரைச்சலுக்கு மேல் தொண்டையை உயர்த்தித்தான் கேட்க வேண்டும்.

"இருக்கேன்" என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வரும், அடுப்பங்கரையில் மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. அவள் வீட்டில் அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல யாருமில்லை. புருஷன் சண்டை போடாமல், குரல் உயர்த்தாமல், ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வேறு ஊரில் வேறு குடித்தனம் வைத்துவிட்டான். அப்படிப் போனவனைக்கூட அவள் ஒரு வழியாக மறந்து தொலைத்தாள். ஆனால் போன வருடம் மகன், அப்பா இருக்கிற ஊரில் நல்ல கல்லூரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அங்கே போனதுதான் அவளைச் சாய்த்தது. நல்ல கல்லூரிதான், மறுப்பதற்கில்லை. போகாதே என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை, ஆசையைத் தவிர. அவன் வாரத்தில் ஒரு தடவை கூப்பிடுவான். சில வாரம் அதுவும் இருக்காது. அவள் கூப்பிட்டால் அப்புறம் பேசுகிறேன் என்று எழுத்தில் வரும்.

இரண்டு அறை வீடு. ஒரு அறையின் விளக்கை அவள் போடுவதே இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும், பழக்க தோஷத்தில், "இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டுத் தன்மேலேயே எரிச்சல் வரும். சோற்றை ஆக்கி, குழாயடியில் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள்.

அதனால் ஒல்லியண்ணன் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் அவளுக்குப் பேச்சு நேரமாகிப் போனது. ஓட்டையருகே விசிறி இரைகிற இரைச்சலில் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். அவள் முக்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்தை ஓட்டைக்கு நேரே வைத்துக்கொண்டு, வீட்டுக் கதை மொத்தத்தையும் உள்ளே சொல்லுவாள். மகன் இந்த வாரமும் கூப்பிடவில்லை, அவன் சட்டையொன்று கொடியிலேயே கிடக்கிறது, மடித்து வைக்க மனசு வரவில்லை, நான் என்ன தப்பு பண்ணினேன் அண்ணே, இப்படி. அவர் குறுக்கே பேச மாட்டார். அறிவுரை சொல்ல மாட்டார். நேரம் வந்ததும் "இருக்கேன்" என்பார். சில சமயம் அவள் கேட்க வாயெடுப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். என் குரலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறாரே இந்த மனுஷன் என்று அவளுக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். உலகத்தில் ஒரு ஆளாவது தன் பேச்சை முழுசாகக் கேட்கிறார் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அன்றைக்கு ஒல்லியண்ணன் பழைய கூலரைக் கழற்ற உள்ளே போயிருந்தார். உச்சி வேளை. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் கொட்டகையைக் குறுக்கே கடந்து போனவர், விசிறி இரைச்சலில் கையைக் காதருகே வைத்துக் காட்டி, உடுப்பு மாற்றுகிற அறையில் அவள் பெட்டிக்குள் போன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பொறி பட்டால் ஆபத்து என்று தொட்டி அருகே போன் ஆகாது, மோதிரம்கூட ஆகாது. அதனால் அது அங்கே பூட்டிக் கிடந்தது.

விடாமல் அடிக்கிறது என்றதும் அவள் முக்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். அவளை விடாமல் கூப்பிட யார் இருக்கிறார்கள்? அவன்தான். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. சுற்றிலும் பார்த்தாள், மாற்றிவிட ஆளில்லை, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். உள்ளே குரல் கொடுத்தாள், "இருக்கேன்" என்று வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடினாள். அந்த வேலையில் செய்யக் கூடாத ஒன்று உண்டென்றால் அது அதுதான், அதைத்தான் செய்தாள்.

பெட்டியைத் திறந்து போனை எடுத்தால் தெரியாத எண். அவளே கூப்பிட்டாள். ஒரு ஆள் எடுத்து, விற்பனைக்கு ஃப்ரிட்ஜ் இருக்கிறதாமே, இரட்டைக் கதவா ஒற்றைக் கதவா என்று கேட்டான். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. என்னிடம் ஃப்ரிட்ஜ் எதுவும் விற்பனைக்கு இல்லை என்றாள். இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் பழசானாலும் பரவாயில்லை என்றான் அவன், விடுவதாக இல்லை. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் சந்தோஷப்படுவதா, மகன் கூப்பிடவில்லை என்பதில் அழுவதா என்று தெரியாமல் போனை உள்ளே எறிந்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள்.

ஓட்டையை நெருங்கும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"இருக்கேன்."

அவள் நின்றுவிட்டாள். தான் இல்லாதபோது வேறு யாரோ வந்து குரல் கொடுத்திருக்கிறார்கள், குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஓட்டையருகே ஒருவருமில்லை. முக்காலி அவள் விட்டுப்போன மாதிரியே கோணலாகக் கிடந்தது. காற்றுக் கருவி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

முக்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் குரல் கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். விசிறி இரைந்தது. உள்ளே ஸ்பேனர் திரும்புகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, அவசரமே இல்லாமல், மரியாதையாக, "இருக்கேன்" என்று வந்தது.

அவள் கேட்காத கேள்விக்குப் பதில். அப்புறமும் அவள் வாயைத் திறக்கவில்லை. அப்புறமும் வந்தது.

எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. அந்த ஆளுக்குக் காது கேட்கவில்லை. பல வருடப் பழக்கத்தில் உடம்புக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஓடுகிறது. அது முடிந்ததும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. காற்று கெட்டுப்போய் அவள் வெளியே வா வெளியே வா என்று கதறினாலும் அவர் கூலரின் நட்டைத் திருகிக்கொண்டு "இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார். அதை நினைத்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், முதலில் வந்தது அந்தப் பயம் இல்லை. இத்தனை நாளும் நான் பேசினதெல்லாம் யாரிடம் என்ற கேள்விதான் முதலில் வந்தது. காலித் தொட்டியை வைத்துக்கொண்டு பம்பை ஓட்டியிருக்கிறாள்.

ஒல்லியண்ணன் பழைய கூலரை வெளியே நீட்டிவிட்டு, பின்னாலேயே பாதம் முதலாக வழுக்கிக்கொண்டு இறங்கினார். உடுப்பெல்லாம் ஊதாக் கறை. கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் அவர் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் முதுகுப் பக்கமாகப் போய் நின்றாள். அண்ணே என்றாள். திரும்பவில்லை. உங்கள் சட்டைக்குப் பின்னால் நெருப்புப் பிடித்திருக்கிறது என்றாள். அவர் முழங்கையை நிதானமாகக் கழுவினார். அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"எத்தனை நாளா அண்ணே காது கேக்கல?"

அவர் அவள் உதட்டைத்தான் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் தன்னிடம் பேசும்போதெல்லாம் இப்படித்தான் பார்த்திருக்கிறார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பல்லில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று அவள் அடிக்கடி துடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அவர் கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்தார். மறைக்க முயற்சி செய்யவில்லை. இடது காது முதலில் போனதாம், வலது பின்னாலேயே. ஓடுகிற எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்ற இளவயசின் கைங்கரியம். வருடாந்திரப் பரிசோதனையில் காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்பார்களே, அதில் எப்படித் தேறினார் என்று அவள் கேட்டாள். எதிரிலிருந்த கண்ணாடி அலமாரியில் நர்ஸம்மாவின் விரல் தெரியுமாம். அந்த விரல் அசையும்போதெல்லாம் இவரும் அமுக்கிவிடுவாராம். உனக்கு இளைஞன் காது என்று நர்ஸம்மா பாராட்டியதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் மட்டும் தெரியும். பெண்டாட்டி ஆரம்பத்தில் கத்திப் பார்த்தாள், அப்புறம் தொண்டை வலிக்கிறது என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறதோடு நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லிடாதம்மா" என்றார். "வெளியில எல்லாரும் வாயை வாயை அசைக்கறாங்க. நானும் தலையாட்டி, சிரிக்கற எடத்துல சிரிச்சு, நாளைத் தள்ளறேன். உள்ள போயிட்டா அந்தத் தொல்லை இல்ல. அங்க யாருமே பேச மாட்டாங்க. அங்க நான் செவிடன் இல்ல."

"நான் பேசினேனே அண்ணே."

அவர் அதை வாசித்துவிட்டார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை, சோப்பு நுரை முழங்கையில் காய்ந்துகொண்டிருந்தது. என்ன பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, தான் இன்றைக்கு ஓட்டையை விட்டுவிட்டு ஓடிப்போனதைச் சொன்னாள். 

"அப்ப சரியாப் போச்சு. நீ போனது எனக்குத் தெரியாது, எனக்குக் கேக்காதது உனக்குத் தெரியாது. இதோட விட்டுடுவோம்."

நியாயமான பேரம்தான். இரண்டு பேருடைய தலையும் தப்பும். அவள் முக்காலியை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்ததும் குரல் கொடுக்கவில்லை. கொடியில் கிடந்த மகனுடைய சட்டையை எடுத்து மடித்தாள், மறுபடி கொடியிலேயே போட்டாள். அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வந்தது. அந்தப் பதிலும் அவன் பார்த்து அனுப்புவதா, போன் தானாக அனுப்புவதா என்று முதல் முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒல்லியண்ணன் காதைப் பற்றிச் சொன்னால் அவருக்கு அவருடைய இடம் போகும், தனக்குத் தன்னுடைய முக்காலி போகும். சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் அவர் உள்ளேயே கிடப்பார். இது தெரிந்தும் அவளுக்குச் சொல்ல மனசில்லை. பொய்யான பதிலானாலும் ஒரு பதில் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

மறுநாள் புதுக் கூலரை மாட்ட வேண்டும். முகமூடி போடுமுன் அவரைப் பிடித்து நிறுத்தி, கைவிரல் முட்டியால் இறக்கையின் அடித்தகட்டில் மூன்று தடவை தட்டிக் காட்டினாள். உள்ளே உங்கள் உடம்பில் எங்கேயாவது இது தெரியும், தெரிந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள், தெரியாமல் சொல்லாதீர்கள் என்று உதடு பிரித்துப் பிரித்துச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

தட்டினாள். "இருக்கேன்" என்று வந்தது. ஒரு நிமிடம் முன்னதாகவே வேண்டுமென்று தட்டிப் பார்த்தாள், உடனே வந்தது. தட்டாமல் இருந்து பார்த்தாள், வரவில்லை. அவள் இறக்கையைத் தடவிக்கொடுத்தாள். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் இந்த மனிதர் அவளுக்கென்று பதில் சொல்கிறார். காலை முழுக்க அப்படியே போயிற்று. இப்படியே ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது, இருவருக்கும் நல்லது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அவளுக்கு அன்று பசிக்கக்கூட இல்லை.

மத்தியானத்துக்குமேல் தட்டினாள், பதில் இல்லை. மறுபடி, பலமாக. இல்லை. விரல் முட்டி தோலுரிந்தது. சங்கை எடுத்து ஒரு ஊது ஊதினாள், மறுகையால் ஓட்டைக்குள் தோள்வரை விட்டுத் துழாவினாள். கணுக்கால் ஒன்று அகப்பட்டது. பிடித்து இழுத்த இழுப்பில் உள்ளே அவர் தலை எங்கோ மோதிக்கொண்டு ஐயோ என்றார்.

அவருக்கு ஒன்றுமில்லை. கூலரின் அடி நட்டு எட்டவில்லை என்று முதுகுக்கடியில் ரெட்டை மெத்தையைப் போட்டு, இரண்டு காலையும் அதன்மேலேயே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு இடமும் தகட்டில் படவில்லை. அவ்வளவுதான் சங்கதி. வெளியே வந்து நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தார். ஆட்கள் ஓடி வந்தார்கள். ஃபோர்மேன் சாப்பிட்ட கையோடு வந்து என்ன என்று கேட்டார். குரல் சரியாகக் கேட்கவில்லை, அவசரப்பட்டு ஊதிவிட்டாள் என்று ஒல்லியண்ணனே முந்திக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார்.

அவர் திரும்பவும் உள்ளே போய் நட்டை முடுக்கி, குழாயைச் சேர்த்து, கடைசி முறையாக வெளியே வரும்வரை, கொஞ்சத்துக்குக் கொஞ்சம் தட்டிக்கொண்டே இருந்தாள், ஐந்து நிமிடமெல்லாம் பார்க்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பதில் வந்தது. சாமானெல்லாம் வெளியே வந்து, மூடி ஏறியதும், நேரே ஃபோர்மேன் அறைக்குப் போனாள். நடந்த வரிசையிலேயே சொன்னாள். முதலில் தான் ஓடினதை, அப்புறம் அவர் காதை. ஃபோர்மேன் காது மடல் சிவக்கக் கத்தினார். ஆள் செவிடனாக இருக்கலாம், வாசலில் நிற்கிறவள் இல்லாமல் இருக்கலாமா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். 

இறக்கையில் எரிபொருளை நிரப்பி, முள்ளைப் பார்த்து, அப்புறம் பம்பைப் போட்டார்கள். அவள் தூரத்துத் தூணருகே நின்று பார்த்தாள். பம்பு ஓடி ஓடிப் பார்த்தும் ஊதா எண்ணெய் ஒரு கோடுகூடக் குறையவில்லை. சூடு போக வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒல்லியண்ணன் சக்கரக் கூட்டுக்கடியில், தொட்டியிலிருந்து ஆறித் திரும்புகிற குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதைவிட மோசம், ஒன்றுமே இல்லை.

கதவைச் சாத்தி, கண்ணாடி அலமாரியைத் துணியால் மூடி அவருக்குப் பரிசோதனை வைத்தார்கள். தேறவில்லை. டயர் மாற்றுகிற சக்கரப் பிரிவுக்குப் போட்டார்கள். அவளைக் கருவிகள் வைக்கிற ஸ்டோருக்குத் தள்ளினார்கள். உண்மையைத் தானே வந்து சொன்னதால் வேலை தப்பியது, அதுவே பெரிது என்றார்கள்.

ஸ்டோர் என்பது நீளமான ஒரு அறை. இரும்பு அலமாரிகள், முன்னால் இரும்புத் தகடு போட்ட மேசை, அதற்குமேல் ஒரு ஜன்னல். காலையில் கொஞ்ச நேரம் கூட்டம். சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், சாயங்காலம் திருப்பித் தர வருவார்கள். நடுவில் அவளும் அலமாரிகளும்தான். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு வார்த்தை பேசாமலே ஒரு பகலைக் கழித்துவிடலாம் என்று அவள் கண்டுகொண்டாள். சொன்னது சரிதானா என்று தினமும் கேட்டுக்கொண்டாள். சரிதான் என்றே தினமும் தோன்றியது. அதனால் மனசு ஆறவில்லை. ஒல்லியண்ணன் சாப்பாட்டுக் கூடத்தில் அவளைக் கண்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். சாமான் வேண்டுமென்றால் வேறு ஆளை அனுப்பினார். வாரங்கள் போயின.

ஒரு நாள் மத்தியானம் அவள் உள்ளே கடைசி அலமாரியில் ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வருகிறவர்கள் பொதுவாக, யாரங்கே என்று கத்துவார்கள். இது கத்தல் இல்லை. இரும்பு மேசையை யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள். மூன்று தடவை.

"இருக்கேன்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

சொன்னபிறகுதான் அது யாருடைய தட்டு என்று புரிந்தது, சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது என்பதும் புரிந்தது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, அலமாரிகளைத் தாண்டி, வெளிச்சத்துக்கு வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்று மறுபடி சொன்னாள்.

"இருக்கேன் அண்ணே."

ஒல்லியண்ணன் டயர்ப் புழுதியோடு நின்றிருந்தார். சாமான் கேட்கவில்லை. ஓரத்தில் கிடந்த மரப்பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார்.

"நான் உள்ள கிடக்கறப்ப என்னென்னமோ பேசினேன்னியே" என்றார். "அதெல்லாம் மொதல்லேர்ந்து சொல்லு. மெதுவாச் சொல்லு, வெளிச்சத்தப் பாத்து நில்லு."

முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனவள், வாய் மறைந்துவிடும் என்று கையை எடுத்துவிட்டாள். எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, ஒன்றா இரண்டா. அதனால் கடைசியில் நடந்ததிலிருந்தே தொடங்கினாள். அன்றைக்கு ஒருவன் போனில் ஃப்ரிட்ஜ் கேட்டான் என்றாள்.

அவர் புருவத்தைச் சுருக்கி அவள் உதட்டையே பார்த்தார்.

"ஃப்ரிட்ஜா?"

ஃப்ரிட்ஜ்தான் அண்ணே, இரட்டைக் கதவு என்று அவள் இரண்டு கையாலும் கதவைத் திறந்து காட்டினாள்.